மணியில் பைப்பால் தட்டிப் பாடுவான் – அப்பா சொல்லும் அந்தப் பழைய இங்கிலீஷ் படம் எது?

போடிமெட்டு ஜீப் | டிசம்பர் 7, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பழைய ஆங்கிலப் படங்கள் பார்த்துப் பழகியவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். நான் ஜீப் ஓட்டுகிறவன். வீடு போடியில். விடியற்காலை ஐந்தரைக்குக் காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் அவர்களையே திரும்பக் கூட்டிக்கொண்டு இறங்குவேன். சினிமா பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. இது அப்பாவுக்காக.

அப்பாவுக்கு 80 வயது. பதினேழு வயதில் மூணாறு பக்கம் துரைமார் கிளப் ஒன்றில் பேரராகச் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்வரை அங்கேயேதான் இருந்தார். அந்தக் காலத்தில் சனிக்கிழமை ராத்திரி கிளப்பில் 16 எம்.எம். புரொஜெக்டர் வைத்துப் படம் போடுவார்களாம். ஒரே ஒரு மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் பேரர்கள் உள்ளே போய்க் காலி கிளாஸை எடுத்து, புது கிளாஸ் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். படம் ஓடும்போது கதவை ஒட்டி, திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். அப்படி நின்றபடி பார்த்ததுதான் அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் படங்கள். ஒன்றைக்கூட முடிவுவரை பார்த்ததில்லை. கடைசி ரீல் ஓடும் நேரம் சாப்பாட்டு மேஜை போடுகிற நேரம்.

அதில் ஒரு படத்தை மட்டும் அவர் மனதிலிருந்து இறக்கி வைக்கவே இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் போட்ட படம். ஒருவன் பியானோ முன்னால் உட்கார்ந்து பாடுவான். பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம். பாடிக்கொண்டே, கையில் வைத்திருக்கும் புகைக்கிற பைப்பால் மரத்தில் தொங்கும் மணிகளைத் தட்டுவான், பாட்டுக்குச் சரியாக. அருகில் ஒரு பெண் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவுதான் காட்சி.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, டிசம்பர் பிறந்தால் அப்பா சைப்ரஸ் கிளை ஒன்று வெட்டிக்கொண்டு வந்து குவார்ட்டர்ஸ் முன்னறையில் நிறுத்துவார். சந்தையில் வாங்கிய ஆட்டு மணிகள் நான்கு அவரிடம் இருந்தன. நான்கும் நான்கு அளவு. அவற்றைக் கிளையில் கட்டிவிட்டு, நடுராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன் ஒரு பென்சிலால் தட்டுவார், அந்தப் பாட்டின் மெட்டுக்கு. வார்த்தை எதுவும் பாட மாட்டார், முணுமுணுப்புதான். அதற்குப் பிறகுதான் அம்மா முறுக்கு டின்னைத் திறப்பார். எனக்கும் தங்கச்சிக்கும் அந்த மணிச் சத்தம்தான் கிறிஸ்துமஸ்.

இந்த ஆகஸ்டில் அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு மெதுவாகத் திரும்பி வருகிறது. வந்த பேச்சில் அடிக்கடி வருவது இந்தக் கேள்விதான்: "அந்தப் பைப்புக்காரன் கடைசியில என்ன ஆனான்?"

பாட்டு எதுவென்று எனக்குத் தெரியும். சின்னக்கானல் ரிசார்ட்டுகளில் டிசம்பர் முழுக்க அதைத்தான் போடுகிறார்கள். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் அந்தப் பாட்டின் பெயரிலேயே ஒரு படம் இருக்கிறது என்று தேடி எடுத்துக் கொடுத்தாள், 'ஒயிட் கிறிஸ்துமஸ்'. பார்த்தோம். கலர் படம். தொடக்கத்தில் போர்முனை, ராணுவ அதிகாரி, சிப்பாய்கள். அதே பாட்டுதான். ஆனால் பைப்பும் இல்லை, மணியும் இல்லை. அப்பா பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது இல்லடா. அது கலர் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சொல்லும் மற்ற அடையாளங்கள் இவை. லீவு நாளில் மட்டும் திறக்கிற ஹோட்டல் ஒன்று வருமாம். ஒல்லியான ஒருவன் பட்டாசைத் தரையில் வீசி வீசி, அது வெடிக்க வெடிக்க ஆடுவானாம். அப்புறம், கேலண்டரில் ஒரு வான்கோழி இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் ஓடுமாம். வான்கோழி என்றதும் இரண்டு மூன்று படத்தைக் கலக்கிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அவரிடமே சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போனது. மூன்று நாளாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.


குழித்துறைக் கரை | டிசம்பர் 7, இரவு 11.15

அண்ணே, முதலில் அப்பாவை எழுப்பியாவது சொல்லுங்கள்: அவர் எதையும் கலக்கவில்லை. ஹோட்டல், பட்டாசு, வான்கோழி, மணி எல்லாமே ஒரே படம். 'ஹாலிடே இன்', 1942, பாரமவுண்ட் தயாரிப்பு, கறுப்பு வெள்ளை. டைரக்டர் மார்க் சாண்ட்ரிச். பைப்புக்காரன் பிங் கிராஸ்பி. பட்டாசு போட்டு ஆடும் ஒல்லி ஆள் ஃப்ரெட் அஸ்டேர். பியானோ பக்கத்துப் பெண் மார்ஜரி ரெனால்ட்ஸ். அவருக்குப் பாட்டில் குரல் கொடுத்தது மார்த்தா மியர்ஸ். நம் ஊர் பின்னணிப் பாடகி போலத்தான்.

எங்கள் ஊரில் புல்கூடு கட்டி, நட்சத்திரம் தொங்கவிட்டு, கேரல் ரவுண்டு சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, நானும் என் மனைவியும் ஏழெட்டு வருடமாக டிசம்பரில் ஒருமுறை பார்க்கிற படம். அதனால் நிறைய எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை இதுதான். நியூயார்க்கில் இரண்டு ஆணும் ஒரு பெண்ணுமாகச் சேர்ந்து ஆட்டமும் பாட்டும் நடத்துகிறார்கள். பாடுகிறவன் ஜிம். ஆடுகிறவன் டெட். அந்தப் பெண் லைலாவைக் கட்டிக்கொண்டு, ஓடி ஓடி உழைக்கிற இந்தப் பிழைப்பை விட்டுவிட்டு, கனெக்டிகட்டில் ஒரு பண்ணையில் போய் நிம்மதியாக இருக்கலாம் என்பது ஜிம்மின் ஆசை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவள் டெட்டோடு இருந்துவிடுகிறாள். ஜிம் தனியாகப் பண்ணைக்குப் போகிறான். விவசாயம் அவனைப் பிழிந்து எடுத்துவிடுகிறது. நிம்மதி தேடிப் போனவன் உடம்பு கெட்டுத் திரும்புகிறான். அப்போதுதான் யோசனை வருகிறது: பண்ணை வீட்டை விடுதியாக்கி, விடுமுறை நாட்களில் மட்டும் திறந்தால் என்ன? மற்ற நாளெல்லாம் சும்மா இருக்கலாமே.

அங்கே வேலை கேட்டு வருகிறவள்தான் லிண்டா. வந்த அன்று கிறிஸ்துமஸ். விடுதி இன்னும் திறக்கவில்லை, விருந்தாளி யாரும் இல்லை. வெளியே பனி, உள்ளே கணப்பு. தான் எழுதிய பாட்டு என்று சொல்லி ஜிம் அவளுக்குப் பாடிக் காட்டுகிறான். உங்கள் அப்பா பார்த்தது அந்த இடம். உலகத்துக்கே அந்தப் பாட்டு தெரிந்த பிறகும், அந்தக் காட்சியில் அது இரண்டே பேருக்கான பாட்டாகத்தான் இருக்கிறது.

பிறகு வருஷம் முழுக்க ஒவ்வொரு பண்டிகையாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. எல்லாம் இர்விங் பெர்லின் எழுதி இசையமைத்தவை. டெட் அங்கேயும் வந்து லிண்டாவைப் பார்த்துவிடுகிறான். முதலில் ஒரு பெண்ணைப் பறிகொடுத்தவனுக்கு மறுபடியும் அதே பயம். அந்தப் பயத்தில் ஜிம் சின்னச் சின்ன சூழ்ச்சி செய்கிறான். ஜூலை 4 ஆட்டத்துக்கு லிண்டா வந்து சேராதபடி வழியில் தடுக்க ஏற்பாடு செய்கிறான். ஜோடி வராததால் டெட் தனியாக ஆட வேண்டியதாகிறது. அப்போது பையிலிருந்து பட்டாசை எடுத்து வீசி ஆடுவதுதான் அப்பா சொல்லும் ஆட்டம். படப்பிடிப்பு 1941 நவம்பரில் தொடங்கியது. பாதியில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் வந்து அமெரிக்காவே போருக்குள் போய்விட்டது. அந்த ஜூலை 4 பகுதியில் போர் விமானமும் கப்பலும் காட்டுவது அதனால்தான்.

வான்கோழிக்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளை 1939-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் தள்ளினார், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று. பாதி மாநிலங்கள் பழைய வியாழக்கிழமையையே வைத்துக்கொண்டன. எந்த வியாழன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. கேலண்டரில் எந்தக் கட்டத்தில் நிற்பது என்று தெரியாமல் ஓடுகிற அந்த வான்கோழி அந்தக் குழப்பம்தான். கார்ட்டூனாக வரைந்து சேர்த்திருப்பார்கள். மொத்தம் சில விநாடிதான் வரும். கையில் தட்டோடு நின்றுகொண்டு அதையும் பார்த்து, அறுபது வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறார் என்றால் அவர் எப்படிப் பார்த்திருக்க வேண்டும்!

நீங்கள் முதலில் பார்த்தது 1954-ல் வந்தது. பாட்டு புகழ்பெற்ற பிறகு, பாட்டின் பெயரையே வைத்து எடுத்த வேறு கதை. அதிலும் கிராஸ்பிதான், அதனால் எல்லோருக்குமே குழப்பம் வரும். அதில் போர்முனையில் ஒரு சின்ன இசைப்பெட்டி ஓட, அவர் பாடுவார். மணி கிடையாது.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். தேடும்போது வருஷத்தையும் சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் ஹோட்டல் ரூம் வாடகைதான் வரும். அந்த ஹோட்டல் கம்பெனி 1952-ல் மெம்ஃபிஸில் தொடங்கியபோது பெயரை இந்தப் படத்திலிருந்துதான் எடுத்தார்கள். இரண்டாவது, பிற்காலத்தில் கம்ப்யூட்டரில் கலர் பூசிய பதிப்பு ஒன்றும் இருக்கிறது. அதை எடுக்காதீர்கள். "கலர் இல்ல" என்று மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முடிவை எழுதவில்லை. பைப்பையும் மணியையும் கடைசிவரை விடாமல் கவனிக்கச் சொல்லுங்கள்.


போடிமெட்டு ஜீப் | டிசம்பர் 8, மாலை 7.05

தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது. காலையில் கிளம்பும் முன் அப்பா விழித்திருந்தார். "நீங்க சொன்னது எல்லாமே ஒரே படம்தான், வான்கோழிகூட நிஜம்தான், தப்பா சொன்னது நான்தான்" என்றேன். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேசவில்லை. வண்டி ஐந்தே முக்காலுக்குத்தான் கிளம்பியது. தோட்டத்துக்குத் தாமதமாகப் போனதற்குப் பெண்களிடம் காரணம் சொன்னேன், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதில் ஒரு அக்கா, "முழுப் படமும் போட்டுக் காட்டு, பாதியில நிறுத்திடாதே" என்றார்.

24-ம் தேதி சாயங்காலம் டிவியில் போட்டுக் காட்டப் போகிறேன். தங்கச்சி பிள்ளைகளும் வருவார்கள்.


கொழிஞ்சாம்பாறை கீபோர்டு | டிசம்பர் 9, காலை 6.30

அண்ணா, நான் எங்கள் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். படம் பற்றிச் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். பாட்டு பற்றி எனக்குத் தெரிந்ததை உங்கள் அப்பாவுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் அவர் மூணாற்றுக் குளிரை விட்டுப் போடியில் இறங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று படித்ததும் எனக்கு இது தோன்றியது.

அந்தப் பாட்டுக்கு ஒரு தொகையறா உண்டு. படத்தில் வராது, கிராஸ்பியின் ரெக்கார்டிலும் வராது. அதில் பாடுகிறவன் இருப்பது பனியில் இல்லை. கலிஃபோர்னியாவில், பெவர்லி ஹில்ஸில், டிசம்பர் 24-ம் தேதி. நல்ல வெயில், பச்சைப் புல், ஆரஞ்சு மரமும் பனை வகை மரங்களும் காற்றில் ஆடுகின்றன. இப்படி ஒரு நாள் இங்கே வாய்த்ததே இல்லை, ஆனாலும் மனசு வடக்கே போகத் துடிக்கிறது என்கிறான். அதற்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்த பல்லவி. அதாவது பனியில் நிற்கிறவன் பாடிய பாட்டு இல்லை அது. பனி இல்லாத ஊரில் உட்கார்ந்து ஏங்குகிறவனின் பாட்டு. எங்கள் கொழிஞ்சாம்பாறையில் பனைமரத்துக்கு நடுவில், டிசம்பர் வெயிலில் அதை வாசிக்கும்போது எனக்கு எந்தக் கூச்சமும் இருப்பதில்லை. அந்தப் பாட்டு பிறந்த இடம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

எழுதிய இர்விங் பெர்லின் யூதர். சின்ன வயதில் ரஷ்யாவிலிருந்து குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். இசைக் குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாது. பியானோவில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில் மட்டும் வாசிப்பார். மற்ற ஸ்ருதிக்கு மாற்ற, நெம்புகோல் வைத்த தனி பியானோ வைத்திருந்தார். மெட்டைச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். 1928-ல் கிறிஸ்துமஸ் சமயத்தில், பிறந்து சில வாரமே ஆன அவருடைய மகன் இறந்துபோனான். கிறிஸ்துமஸ் பாட்டு என்றாலும் அதில் ஒரு துக்கம் கேட்கிறதே என்று பலரும் சொல்வார்கள். மெட்டை வாசித்துப் பார்த்தாலே தெரியும். முதல் அடியில் குரல் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் அரை அரையாக நெளிந்து ஏறும். துள்ளாது. கொண்டாட்டப் பாட்டு அப்படி நடக்காது, தாலாட்டுதான் அப்படி நடக்கும்.

கிராஸ்பி அதை முதலில் பாடியது 1941 கிறிஸ்துமஸ் அன்று வானொலியில், பேர்ல் ஹார்பர் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம். ரெக்கார்டு செய்தது 1942 மே 29. படம் ஆகஸ்டில் வெளிவந்தபோது இந்தப் பாட்டைவிட அதிலிருந்த காதலர் தினப் பாட்டுதான் முதலில் ஓடியது. குளிர்காலம் நெருங்க நெருங்க, வெளிநாட்டில் இருந்த சிப்பாய்கள் ராணுவ வானொலிக்கு எழுதிக் கேட்டுக் கேட்டு இதை மேலே ஏற்றினார்கள். தொடர்ந்து 11 வாரம் முதலிடம். சிறந்த பாட்டுக்கான ஆஸ்கரும் கிடைத்தது. பிரதி எடுத்து எடுத்து மூல ரெக்கார்டு தேய்ந்துபோய், 1947-ல் மறுபடியும் பதிவு செய்தார்கள். இன்று ரிசார்ட்டில் நீங்கள் கேட்பது அநேகமாக அந்த இரண்டாவது பதிவு. சுமார் 5 கோடி பிரதி விற்றிருக்கும் என்று கின்னஸ் கணக்கு.

ஒரு வேண்டுகோள் அண்ணா. அந்த நான்கு ஆட்டு மணி இன்னும் இருக்கிறதா? இருந்தால் தட்டி ஒரு பதிவு அனுப்புங்கள். எந்தெந்தச் சுரம் என்று கண்டுபிடித்து, எங்கள் குழுவில் அந்த நான்கு மணிக்காக வாசிக்கிறேன்.


நகரி டீச்சர் | டிசம்பர் 10, இரவு 8.20

தம்பி, நான் நகரி பக்கம் தமிழ் மீடியத்தில் 22 வருஷம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்ததால் இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மற்ற இருவரும் படத்தின் மேல் உள்ள பிரியத்தில் விட்டுவிட்டார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும்.

படத்தின் நடுவில் ஆபிரகாம் லிங்கன் பிறந்த நாள் ஆட்டம் ஒன்று வரும். அதில் ஜிம்மும் லிண்டாவும் இசைக்குழுவும் விடுதிச் சிப்பந்திகளும் முகத்தில் கரி பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்து, கறுப்பின மக்களைப் போல வேஷம் கட்டிப் பாடுவார்கள். டெட் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக லிண்டாவுக்கு அந்த வேஷம் என்பது கதைக் காரணம். அடிமைத்தனத்தை ஒழித்தவரின் பிறந்த நாளுக்கு, அடிமைகளாக இருந்த மக்களைக் கேலி செய்யும் வேஷம். அமெரிக்க மேடைகளில் நூறு வருஷத்துக்கும் மேல் நடந்த வழக்கம் அது. இப்போது பல சேனல்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் போடுகின்றன.

நீங்கள் வெட்ட வேண்டுமா என்றால், அது உங்கள் முடிவு. என் வகுப்பாக இருந்தால் வெட்ட மாட்டேன், முன்னாலேயே சொல்லிவிட்டுக் காட்டுவேன். நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்வது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயமா என்ன? நம் சினிமாவில் எத்தனை முறை சிரித்திருக்கிறோம். அதைப் பேச ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்.

அந்தப் பாட்டு நடக்கும்போதே இடையில் சமையலறையைக் காட்டுவார்கள். அங்கே விடுதியின் சமையல்காரி மேமி தன் இரண்டு பிள்ளைகளோடு அதே பாட்டின் ஒரு பகுதியைப் பாடுவாள். நடித்தவர் லூயிஸ் பீவர்ஸ். கறுப்பினப் பெண். கூடத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர்கள் கைதட்டல் வாங்க, நிஜமான கறுப்பின நடிகை அடுப்படியில் நிற்கிறார். ஹாலிவுட்டில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் வேலைக்காரி, சமையல்காரி வேஷங்கள்தான். 1934-ல் 'இமிட்டேஷன் ஆஃப் லைஃப்' என்ற படத்தில் மட்டும் ஒரு முழுப் பாத்திரம் கிடைத்தது, அதில் அவர் நடிப்பைப் பார்த்தால் மற்ற படங்களில் எவ்வளவு வீணாக்கினார்கள் என்று தெரியும். மேமியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள் தம்பி. கூடவே ஒரு விஷயம்: தமிழ் சப்டைட்டில் தேடி நேரத்தைக் கழிக்காமல், மகளை அப்பா பக்கத்தில் உட்காரவைத்து காதில் சொல்லச் சொல்லுங்கள்.


போடிமெட்டு ஜீப் | டிசம்பர் 27, இரவு 10.10

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எழுதத் தாமதமாகிவிட்டது. டூரிஸ்ட் சீசன், தூங்கவே நேரமில்லை. தேவிகுளம் பக்கம் விடியற்காலையில் புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது என்று ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். தினமும் நான் வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி "மேல பனி விழுந்துச்சா?" என்பதுதான். விழுந்தது என்றால் கண்ணை மூடிக்கொள்வார். கொழிஞ்சாம்பாறைத் தம்பி எழுதிய தொகையறாவை அப்படியே வாசித்துக் காட்டினேன். "அவனும் கீழ இறங்கிட்டவன்தான்" என்றார்.

24-ம் தேதி ஆறு மணிக்குப் படம் போட்டோம். அப்பாவைக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். மகள் காதோடு சொல்லிக்கொண்டே வந்தாள், ஆனால் அவருக்குத் துரைமாரிடம் கேட்டுப் பழகிய இங்கிலீஷ் இருக்கிறது, பாதி இடத்தில் அவரே தலையாட்டினார். பியானோ தெரிந்ததும் இடது கையைத் தூக்கினார். அந்த ஆள் பைப்பை எடுப்பதற்கு முன்னாலேயே கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகுதான் டிவியில் மணி கேட்டது. தங்கச்சி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அழுவதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று.

டீச்சரம்மா, நீங்கள் சொன்னபடி பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். கரி பூசிய ஆட்டம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அப்பாதான் பேசினார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கிளப்பில் புத்தாண்டு ராத்திரி துரைமார் மாறுவேஷம் போடுவார்களாம். ஒரு வருஷம் ஒரு துரை முகத்தில் கரி பூசி, தலையில் கம்பளி மடித்துப் போட்டு, முதுகில் கூடை கட்டி, கொழுந்து எடுக்கும் பெண்ணாக வந்தாராம். "நாங்க தட்ட ஏந்திக்கிட்டு நின்னோம். சிரிக்கலேன்னா மறுநாள் கேப்பாங்க. சிரிச்சோம்." எங்கள் ஆத்தா, அப்பாவைப் பெற்றவர், அப்போது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர். ஐம்பத்துநாலு வயதில் இதை முதல்முறையாகக் கேட்கிறேன்.

படத்தை அங்கே நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். "போடு, முடிவு வரட்டும்" என்றார்.

பட்டாசு ஆட்டத்தில் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். வான்கோழி வந்தபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

அவர் பார்க்காத பகுதி அதற்குப் பிறகுதான். லிண்டா சினிமாவில் நடிக்க ஹாலிவுட் போய்விடுகிறாள். ஜிம் தனியாக உட்கார்ந்து, முன்னால் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் இருக்கிறான். அப்போது மேமி வந்து சொல்கிறாள்: இங்கே உட்கார்ந்துகொண்டிருந்தால் ஆகாது, போய் அவளிடம் மனசில் இருப்பதைச் சொல். அப்புறம்தான் அவன் கிளம்புகிறான். ஸ்டூடியோவில் அதே விடுதியை அப்படியே செட் போட்டு வைத்திருக்கிறார்கள், அதே பியானோ, அதே மரம். லிண்டா அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே வருகிறாள். பியானோ மேல் அவனுடைய பைப் கிடக்கிறது. எடுத்து மணியைத் தட்டுகிறாள். மறைவிலிருந்து அவன் சத்தம் கேட்கிறது.

குழித்துறைத் தம்பி, நீங்கள் ஏன் முடிவை எழுதவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அறுபது வருஷமாக அவன் தட்டுவதை மட்டும் பார்த்திருந்த மனிதர், அவள் தட்டுவதை இப்போதுதான் பார்க்கிறார்.

மணிகள் நான்கில் மூன்றுதான் கிடைத்தன, ஒன்று வீடு மாறியபோது போய்விட்டது. இந்த வருஷம் மகள்தான் பென்சிலால் தட்டினாள். பதிவை அனுப்பியிருக்கிறேன் தம்பி, மூன்று மணிக்கு ஏற்ற மாதிரி வாசியுங்கள்.

எல்லோரும் ஆராதனைக்குப் போன பிறகு நானும் அப்பாவும்தான் வீட்டில். தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். "அந்தச் சமையக்காரம்மா சொல்லலேன்னா அவன் போயிருக்கவே மாட்டான்" என்றார். ஆமாம் என்றேன். "அவங்க பேரு என்ன? நெசப் பேரு." டீச்சரம்மா எழுதியதை ஃபோனில் எடுத்துப் பார்த்துச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். லூயிஸ் பீவர்ஸ். அவரே மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடினார்.